பச்சையாய் எரிந்த பூக்குழி

8 ஜூன் 2024, சனிக்கிழமை
சிம்பாங் அம்பாட்

உஷா,

கடிதம் மீன் வாடை அடித்தால் திட்டாதே. அங்கமுத்து மாமாவின் ஐஸ் பெட்டிமேல்தான் இது பயணம் செய்யும். நாளை அவர் வேனில் மீன் விற்க இங்கே வரும்போது கொடுப்பேன். உம்பாய் திரும்பியதும் உன் கையில் சேர்ப்பார். ஞாயிறும் புதனும் வருகிறார். பதில் எழுதினால் அவரிடமே கொடு. அவர் பிரித்துப் படிக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

என் போன் இன்னும் அப்பாவின் அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது. இரண்டு மாதமாகிவிட்டது. தீமிதிக்கு முன்னால் கோயில் கூட்டத்தில் நடந்த சண்டை உனக்கு நினைவிருக்கும். வெயில் தாங்காமல் பள்ளியில் திடல் விளையாட்டையெல்லாம் நிறுத்தி வைத்திருந்த சமயம். செயலாளர் நல்லமுத்து பெரியப்பா எழுந்து, நாற்பது வருடமாக இப்படி ஒரு வெயிலைப் பார்த்ததில்லை, உலகமே சூடாகிக்கொண்டு வருகிறது, இந்த வருடம் பூக்குழியைச் சின்னதாக வைத்துச் சாயங்காலத்தில் இறங்கலாம் என்றார். என் அப்பா எழுந்து, “உலகம் சூடாவறதுக்கு நம்ம ஒரு குழிதான் காரணமாண்ணே? பக்கத்துல தொழிற்சாலைங்க ராவும் பகலும் பொகை விடுது, அவனுங்கள ஒருத்தன் கேக்கறானா?” என்றதும் எல்லாரும் கைதட்டினார்கள். நான்தான் முட்டாள்தனமாக அன்றிரவு பெரியப்பா பக்கம் பேசி, புகையைப் பற்றிப் பத்திரிகையில் வந்ததைத் தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன். பூக்குழி அடுக்கும் மாயாண்டியின் மகளே இப்படிப் போட்டால்? அத்தோடு போன் போயிற்று.

இப்போது எல்லாரும் தூங்கிய பிறகு அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பா புரண்டு படுக்கும் சத்தம் கேட்டால் கணக்கு நோட்டை இழுத்து இதன்மேல் வைத்துக்கொள்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். ஜானகி அத்தைக்கு வாந்தி நிற்கவில்லை, கையெல்லாம் மரத்துப்போகிறது என்று அங்கமுத்து மாமா சொன்னார். மூச்சு இரைப்பு குணமாகவேண்டும் என்று வேண்டிக்கொண்டுதானே அத்தை தீ இறங்கினார். பூக்குழிச் சாம்பலைத் தினமும் காலையில் தண்ணீரில் கரைத்து ஒரு மண்டலம் குடிப்பதாகச் சொல்லியிருந்தார். நாற்பத்தெட்டு நாளில் இன்னும் பதின்மூன்று நாள் இருக்கிறது. எண்ணிப் பார்த்தேன்.

உஷா, அதை நிறுத்தச் சொல். அந்தச் சாம்பல் தீட்டுப் பட்டது. துக்க வீட்டுக்காரர் ஒருவர் தெரியாமல் விறகு தூக்கிவிட்டாராம். யார் என்று கேட்காதே. வேறு யாரிடமும் சொல்லவும் வேண்டாம். சாம்பலைக் கடலில் கொட்டாதே, செடிக்கும் போடாதே. டப்பாவில் இறுக மூடி எட்டாத இடத்தில் வைத்துவிடு. நெற்றியில்கூட வைக்கவேண்டாம்.

நீங்கள் வீடு காலி செய்து லோரி ஏறிய அன்று நான் வரவில்லை. வந்திருக்கவேண்டும்.

தாரணி


11 ஜூன், செவ்வாய்
உம்பாய்

தாரணிக்கு,

நீயும் தீட்டுப் பார்க்க ஆரம்பித்துவிட்டாயா? படிவம் மூன்று படிக்கும்போது அறிவியல் வகுப்பில் எழுந்து நின்று, தீட்டு என்பதெல்லாம் சோப்பு இல்லாத காலத்துச் சட்டம் என்று வாத்தியாரிடமே சொன்னவள் நீ. நாங்கள் தோட்டத்தைவிட்டு உம்பாய் வந்த இரண்டே வாரத்தில் யார் உனக்கு மந்திரித்து விட்டது?

நான் ஒரு தப்பு செய்துவிட்டேன். உன் கடிதத்தைப் பிரிக்கும்போது அம்மா பக்கத்தில் படுத்திருந்தார். யார் எழுதியது என்றார். நீ என்றதும் ஆசையாக எழுந்து உட்கார்ந்து, படி என்றார். படித்தேன். சாம்பல் விஷயம் வந்த பிறகுதான் வாயை மூடினேன். அதற்குள் காதில் விழுந்துவிட்டது.

இரவு முழுக்க அழுதார். விறகு தூக்கியவன் மேல் தப்பில்லையாம். தான்தான் சுத்தபத்தமாக விரதம் இருக்கவில்லையாம், அதனால்தான் அம்மன் தன் பிரசாதத்தையே தீட்டாக்கிவிட்டாளாம். காலையில் அம்மா, எங்களை இங்கே வைத்திருக்கும் காளிதாஸ் மாமாவின் போனை வாங்கி உன் அப்பாவைக் கூப்பிட்டார். பயப்படாதே, உன் பெயரைச் சொல்லவில்லை, கனவு கண்டதாகச் சொன்னார். “மாயாண்டிண்ணே, எனக்கு சுத்தமான சாம்பலா கொஞ்சம் அனுப்புங்கண்ணே, மொதல்லேருந்து ஆரம்பிக்கிறேன்” என்று கெஞ்சினார். சாமி மாடத்தில் தனியாக எடுத்து வைத்த சாம்பல் இருக்கிறது, யார் கையும் படாதது, புதன்கிழமை மீன் வேனில் அனுப்புகிறேன் என்று உன் அப்பா சொன்னாராம். அப்போதுதான் அம்மா கண்ணைத் துடைத்தார். விட்ட நாளுக்கும் சேர்த்து இனி தினம் மூன்று வேளை குடிக்கப்போகிறாராம். ஆக, உன் தீட்டு தீர்ந்தது.

கிளினிக் டாக்டர் அம்மாவிடம் என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். நான்தான் பட்டியல் சொன்னேன். சோறு, மீன், ரொட்டி, பால் இல்லாத தேத்தண்ணி. கெட்டுப்போன மீனாக இருக்கும் என்று மருந்து கொடுத்தார். மீன் கடைக்காரன் வீட்டில் கெட்டுப்போன மீனா என்று காளிதாஸ் மாமாவுக்குக் கோபம்.

நான் பள்ளி முடிந்து மாமாவின் மீன் சாப்பாட்டுக் கடையில் தட்டு கழுவுகிறேன். அம்மா உட்கார்ந்து இறால் உரிப்பார். இப்போது விரல் பிடி கொடுக்கவில்லை, இறால் நழுவி விழுகிறது. இங்கே வந்து இத்தனை நாளாகியும் தோட்டத்திலிருந்து ஒருவர் எட்டிப் பார்க்கவில்லை. உன் கடிதம் மட்டும் வந்தது, அதுவும் தீட்டோடு.

ஒன்று கேட்கவேண்டும். தீட்டுப் பட்டதைக் கடலில் விடுவதுதானே வழக்கம்? ஏன் கொட்டக்கூடாது என்கிறாய்?

உஷாராணி


13 ஜூன், வியாழன்

உஷா,

நேற்று அங்கமுத்து மாமா உன் கடிதத்தை என்னிடம் தந்த அதே நேரத்தில், என் அப்பா ஒரு மைலோ டின்னை அவரிடம் கொடுத்துக்கொண்டிருந்தார். “சாமி சாமான்ணே, மீன் தண்ணி பட்டுடாம” என்று இரண்டு தடவை சொன்னார். எனக்கு அது எங்கே போகிறது என்று தெரியாது. வேன் போன பிறகு குளியலறைக்குள் போய் உன் கடிதத்தைப் படித்தேன். வெளியே ஓடி வந்தேன். வேன் போய்விட்டது.

இன்று பள்ளியில் ஷாந்தினி ஒளித்து வைத்திருந்த போனை வாங்கி உன் மாமா எண்ணுக்கு அடித்தேன். அவர் எடுத்தார். பின்னால் சட்டிச் சத்தம். யாரு, யாரு என்றார். சாம்பலைக் கொடுக்காதீர்கள் என்று சொல்ல வேண்டியது அவ்வளவுதான். ஏன் என்று கேட்பாரே, அப்பா பெயரைச் சொல்ல வேண்டியிருக்குமே என்று மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். வைத்துவிட்டேன். பிறகு ஆசிரியர் வந்துவிட்டார்.

தீட்டு என்று எழுதியது பொய். அது விஷம், உஷா. அத்தைக்கு ஒரு சொட்டுக்கூடக் கொடுக்காதே. டின்னை எடுத்துக்கொண்டு நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ.

நடந்ததைச் சொல்கிறேன். அப்பா வேலை செய்யும் பட்டறையில் மரத்துக்கு மருந்து ஏற்றுவார்கள். வேலிக்கால், தோட்டக் கம்பம் எல்லாம் கரையான் அரிக்காமல் இருப்பதற்காக. மருந்து ஏறிய கட்டை லேசாகப் பச்சை நிறத்தில் இருக்கும். முன்பெல்லாம் பூக்குழிக்கு ரப்பர் கட்டைதான் அடுக்குவார்கள். இப்போது சுற்றிலும் எண்ணெய் எடுக்கும் செம்பனைதான். செம்பனை மரம் புகையுமே தவிர கங்கு பிடிக்காது. இந்த வருடம் விறகு எங்கேயும் கிடைக்காமல் அப்பா அலைந்ததைப் பார்த்துப் பட்டறை முதலாளி வெட்டி மிஞ்சிய கட்டையை ஒரு லோரி நிறையக் கோயிலுக்கு அனுப்பினார். அவரே லோரிக்குப் பின்னால் காரில் வந்து கும்பிட்டுவிட்டுப் போனார். நான் பார்த்தேன். அப்பாவுக்கு அன்று எவ்வளவு பெருமை தெரியுமா?

தீமிதிக்கு மூன்று நாள் முன்பு அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனேன். கட்டைக் கட்டில் மஞ்சள் அட்டை ஒன்று தைத்திருந்தது. மண்டையோடு படம். எரிக்கக்கூடாது, சாம்பல் விஷம் என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் போட்டிருந்தது. அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். சோற்றைப் பிசைந்துகொண்டே, “மருந்தெல்லாம் நெருப்புல போயிடும்மா. நெருப்புல போட்ட அப்புறம் அழுக்குன்னு எதுனாச்சும் மிஞ்சுமா?” என்றார். போன் விஷயத்துக்குப் பிறகு மறுபடியும் கோயில் பேச்சை எடுக்க எனக்குத் துணிச்சல் இல்லை. அப்பா சொல்வது சரியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்வது சுலபமாக இருந்தது.

தீ பச்சையாக எரிந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அம்மன் தன் நிறத்தில் வந்துவிட்டாள் என்று எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். வீடியோ மலாக்கா முழுக்கப் போனது. அப்பா அழுதார். அது மருந்தில் இருக்கும் செம்பு. செம்பு எரிந்தால் பச்சையாகத்தான் எரியும். அதை நான் போன வாரம்தான் வேதியியல் புத்தகத்தில் படித்தேன். கட்டைக்குள் செம்போடு ஆர்செனிக்கும் இருக்கும். அது எரிந்தாலும் போகாது. சாம்பலில் தங்கிவிடும்.

மறுநாள் சாம்பலைப் பொட்டலம் கட்டியவர்களில் நானும் இருந்தேன். அத்தையின் பொட்டலத்தைக் கொஞ்சம் பெரிதாகக் கட்டினேன். மண்டலம் முழுக்கக் குடிக்கவேண்டுமே என்று.

வெளியே தெரிந்தால் அப்பாவைப் பிடித்துக்கொண்டு போவார்கள். கோயில் நிலமும் நம்முடையதில்லை, எப்போது உடைக்கலாம் என்று காத்திருக்கிறார்கள். கோயிலை மூட வைத்தவள் என்று என்னைத்தான் சொல்வார்கள். அதற்குப் பயந்துதான் தீட்டு என்று எழுதினேன். இந்தக் கடிதம் ஞாயிற்றுக்கிழமைதான் உன் கைக்கு வரும். இன்னும் மூன்று நாள்.

தாரணி


18 ஜூன், செவ்வாய்
மலாக்கா, ஆஸ்பத்திரி

தாரணி,

உன் கடிதம் ஞாயிறு சாயங்காலம் கிடைத்தது. அம்மாவைச் சனிக்கிழமை காலையிலேயே ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டோம்.

மைலோ டின் சாம்பலைப் புதன் இரவு தொடங்கி வெள்ளி இரவு வரை குடித்தார். நான்தான் கரைத்துக் கொடுத்தேன். அவர் விரலால் கரண்டி பிடிக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை வாந்தியில் ரத்தம் வந்தது. அப்போதும் அம்மன் பிரசாதத்தை நிறுத்தக்கூடாது என்று இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக் குடித்தார்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு வார்டுக்கு ஓடினேன். டாக்டரிடம் டின்னைக் காட்டினேன். நாற்பது நாளாக என்ன சாப்பிட்டார் என்று எத்தனை பேர் கேட்டார்கள், இதை ஏன் சொல்லவில்லை என்றார். சாம்பலைச் சாப்பாடு என்று யார் சொல்வார்கள், நீயே சொல். அது சாப்பாடு இல்லை, மருந்தும் இல்லை. கேட்ட ஒவ்வொரு தடவையும் நான் சரியாகத்தான் பதில் சொன்னேன்.

நகத்தையும் முடியையும் வெட்டி எடுத்துப் போயிருக்கிறார்கள். ஆர்செனிக்தான் என்று நேற்றே சொல்லிவிட்டார்கள். மருந்து ஏறுகிறது. சிறுநீரகம் வேலை செய்யவில்லை.

வியாழக்கிழமை போன் வந்ததாம். யாரோ பிள்ளை மூச்சு வாங்கிக்கொண்டே இருந்துவிட்டு வைத்துவிட்டதாக மாமா சொன்னார். நீ பேசியிருந்தால் நான் வியாழன் இரவிலிருந்து கரைத்துக் கொடுத்திருக்க மாட்டேன். வெள்ளிக்கிழமையாவது ஷாந்தினியிடம் மறுபடி போனை வாங்கியிருக்கலாம். ஏன் வாங்கவில்லை? இதற்கு எனக்குப் பதில் எழுதவேண்டாம். உனக்கே சொல்லிக்கொள்.

சாம்பல் எங்கிருந்து வந்தது என்று டாக்டர் கேட்டார். அம்மா கண்ணைத் திறந்து, “ஞாபகம் இல்லங்க டாக்டர்” என்றார். பிறகு என் கையைத் தேடிப் பிடித்து, “கோயில் பேரச் சொல்லிடாதம்மா” என்றார். இரண்டு நாள் அம்மாவுக்காகப் பேசாமல் இருக்கிறேன். அதற்குமேல் இருக்க மாட்டேன்.

தோட்டத்தில் எத்தனை வீட்டில் அந்தப் பொட்டலம் இருக்கிறது? நீதானே கட்டினாய். போய்ச் சொல்.

உஷாராணி


22 ஜூன், சனி

உஷா,

சொல்லிவிட்டேன். அதனால் எதுவும் பெரிதாக மாறிவிடவில்லை.

புதன் இரவு உன் கடிதத்தை அப்பாவிடமே கொடுத்தேன். அவர் மெதுவாகத்தான் படிப்பார். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். எனக்கும் உனக்கும் கடிதப் போக்குவரத்து இருப்பது அப்போதுதான் அவருக்குத் தெரியும். அடிப்பார் என்று நினைத்தேன். கடிதத்தை மடித்து என் கையில் தந்தார். “ஜானகிக்கு ஏற்கெனவே மூச்சு சரியில்ல. ஆஸ்பத்திரிக்காரனுக்குக் காரணம் தெரியலன்னா சாமியச் சொல்லுவான்” என்றார். அதற்குப் பிறகு இன்றுவரை என்னோடு பேசவில்லை.

மறுநாள் நல்லமுத்து பெரியப்பாவிடம் போனேன். அவர் உடனே சுகாதார இலாகாவுக்குப் போன் செய்தார், நேற்று கோயிலில் கூட்டமும் கூட்டினார். முப்பது பேர் இருப்பார்கள். நான் நின்றுகொண்டு மஞ்சள் அட்டையைப் பற்றிச் சொன்னேன். அட்டையில் எழுதியிருந்ததை நான் முன்பே படித்தேன் என்று மட்டும் சொன்னேன். அப்பாவிடம் படித்துக் காட்டியதைச் சொல்லவில்லை. அவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

 பிறகு ஒவ்வொருவராக ஆரம்பித்தார்கள். நானும் என் பிள்ளைகளும் அதைத்தான் பூசுகிறோம், எங்களுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று ஒருவர் கேட்டார். பூசுவது வேறு, ஒரு மண்டலம் குடிப்பது வேறு என்றார் பெரியப்பா. “நீ தீமிதிக்கு முன்னால வெயில் ஜாஸ்தின்ன. இப்ப சாம்பல்ல விஷம்ங்கற. அடுத்த வருஷம் சூடம் கொளுத்தாதன்னு வந்து நிப்ப” என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னதும் சிலர் சிரித்தார்கள். பெரியப்பா சிரிக்கவில்லை. வெயிலைப் பற்றி நான் சொன்னபோதும் இப்படித்தான் சிரித்தீர்கள், கண்ணால் பார்க்க முடியாததைச் சொல்கிறவன் எல்லாம் உங்களுக்குக் கோமாளி என்றார். பச்சைத் தீயை எல்லாரும் கண்ணால்தானே பார்த்தோம் என்று பதில் வந்தது.  செம்பு என்று நான் சொன்னது சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

அப்போது அப்பா எழுந்தார். சந்நிதியில் வைத்திருந்த தட்டிலிருந்து சாம்பலை மூன்று விரலால் அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. “நான் அடுக்குன குழி. எனக்கு ஆவாததா?” என்றார்.

அவ்வளவுதான், கூட்டம் முடிந்துவிட்டது. உஷா, அவர் எனக்குப் பதில் சொல்வதற்காக அதைச் செய்யவில்லை. அவருக்கு உண்மையாகவே நம்பிக்கை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அவர் பொய் சொல்கிறவராக இருந்தால் நான் கோபப்பட்டுவிட்டுப் போயிருப்பேன்.

இன்று வீடு வீடாகப் போனேன். நான் கட்டிய பொட்டலம் நாற்பத்தொன்று. பத்தொன்பது திரும்பி வந்தது. காளியம்மா பெரியம்மா கதவைத் திறந்து பொட்டலத்தை என் கையில் வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. சில வீட்டில் தீர்ந்துவிட்டது என்றார்கள். சில வீட்டில் உள்ளே தொலைக்காட்சி ஓடிக்கொண்டே இருந்தது, கதவு திறக்கவில்லை. வந்ததை ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு ஒட்டிப் பெரியப்பாவிடம் கொடுத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை ஏன் மறுபடி போன் செய்யவில்லை என்று எனக்கே சொல்லிக்கொள்ளப் பார்த்தேன். சொல்ல ஒன்றும் இல்லை. ஷாந்தினி அன்றும் வந்திருந்தாள். போனும் வைத்திருந்தாள்.

அத்தை எப்படி இருக்கிறார்? ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

தாரணி


9 ஜூலை, செவ்வாய்
உம்பாய்

தாரணி,

அன்று நீ வந்திருந்தாய். அம்மாவைத் தூக்கும்போது எதிர்க்கடை வாசலில் பள்ளிச் சீருடையோடு நின்றாய். உன் அப்பா மோட்டார் சைக்கிளைவிட்டு இறங்காமல் ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருந்தார். நான் பார்த்தேன். கூப்பிட மனம் வரவில்லை.

கடைசி நாள் அம்மாவுக்கு நினைவு தெளிந்திருந்தது. அந்தச் சாம்பலைக் கொஞ்சம் நெற்றியில் வைத்துவிடு என்றார். டின்னைத்தான் எடுத்துப் போய்விட்டார்களே. மாமா கடைக்கு ஓடிப்போய் விபூதிப் பாக்கெட் வாங்கிவந்தார். அதை வைத்துவிட்டு, பூக்குழிச் சாம்பல்தான்மா என்றேன். “வாசம் அது மாதிரி இல்லையே” என்றார். அதுதான் அவர் கடைசிப் பேச்சு.

கோயில் பெயரை நான்தான் சொன்னேன். அம்மா பேச்சை மீறிச் சொன்னேன். அவர் இருக்கும்போதே.

இப்போது கேட்டுக்கொள். நேற்று அதிகாரிகள் இங்கே வந்தார்கள். பட்டறை முதலாளி, தான் கட்டை எதுவும் கொடுக்கவில்லை, மாயாண்டி கேட்காமல் எடுத்துக்கொண்டு போய்விட்டான் என்கிறாராம். அவர் லோரிக்குப் பின்னால் காரில் வந்ததைப் பார்த்ததாக யாரும் சொல்ல மறுக்கிறார்கள். பாதிப் பேர் அவரிடம்தான் வேலை செய்கிறார்கள். நீ பார்த்தாய். எனக்கு எழுதியிருக்கிறாய். அந்தப் பகுதியை மட்டும் அதிகாரிகளிடம் சொன்னேன். கடிதத்தைக் காட்டவில்லை.

வெள்ளிக்கிழமை உன் வீட்டுக்கு வருவார்கள். முதலாளியைப் பற்றிக் கேட்பார்கள், சொல்லிவிடுவாய், தெரியும். ஆனால் இன்னொன்றும் கேட்பார்கள். கட்டையில் விஷம் என்று உன் அப்பாவுக்குத் தெரியுமா என்று. தெரியாது என்றால் ஏமாந்த மனிதர். தெரியும் என்றால் வேறு. நீ அவருக்குப் படித்துக் காட்டியது உனக்கும் அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

உன் அப்பா எங்கள் அப்பா இறந்தபோது பதினாறு நாளும் எங்கள் வாசலில் படுத்திருந்தவர். அதை மறந்துவிட்டு எழுதவில்லை. ஆனால் என் அம்மா ஏன் செத்தார் என்று எங்கேயாவது ஒரு தாளில் சரியாக எழுதியிருக்கவேண்டும். எல்லாரும் வாயைக் கழுவிக்கொண்டு போய்விட்டால், அம்மா ஏதோ மூச்சு இரைப்பில் செத்ததாக முடிந்துவிடும்.

உண்மையைச் சொல். சொன்னதை எனக்கு எழுது.

உஷாராணி


13 ஜூலை, சனி

உஷா,

நேற்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

இரண்டு பேர் வந்தார்கள். ஓர் அம்மையார்தான் கேட்டார், கூட வந்தவர் எழுதினார். நல்லமுத்து பெரியப்பாவும் வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தார். அம்மா தேத்தண்ணி கலக்கிக் கொண்டுவந்து வைத்துவிட்டு அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டார். அப்பா தரையில் உட்கார்ந்திருந்தார். நாற்காலி இருந்தும் உட்காரவில்லை.

அன்று உங்கள் தெருவிலிருந்து திரும்பும்போது அப்பா வழியில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வெகுநேரம் ஓரமாக உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்ததும் சாமி மாடத்தில் மிச்சமிருந்த சாம்பலை எடுத்துப் பெரியப்பாவிடம் தானே கொண்டுபோய்க் கொடுத்தார். என்னோடு அப்போதும் பேசவில்லை. அவருக்கு இப்போது கால்விரல் மரத்திருக்கிறது. அம்மா சொல்லித்தான் தெரியும். வேலை நின்றுவிட்டது.

முதலாளி காரில் வந்ததைச் சொன்னேன். காரின் நிறம், அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டது, லோரிக்காரரிடம் பேசியது எல்லாவற்றையும் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். அதைச் சொல்லும்போது எனக்குப் பயமே இல்லை.

பிறகு அந்த அம்மையார் மஞ்சள் அட்டையைப் பற்றிக் கேட்டார். பார்த்தேன் என்றேன். என்றைக்கு என்றார். தீமிதிக்கு மூன்று நாள் முன்பு என்றேன். அட்டையில் இருந்ததை உன் அப்பாவிடம் சொன்னாயா என்று கேட்டார். மிகவும் மெதுவாக, நான் சின்னப் பிள்ளை என்பதுபோல் கேட்டார்.

நீ எழுதியதெல்லாம் எனக்கு நினைவில் இருந்தது. ஜானகி அத்தையைத் தூக்கிக்கொண்டு போனதும் கண்ணுக்குள் இருந்தது. அப்படியிருந்தும் நான் அப்பாவின் காலைப் பார்த்தேன். அவர் கால்விரலைக் கையால் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். நான் ‘இல்லை’ என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

எனக்கு முன்னால் அப்பா பேசினார். அவருக்கு மலாய் அவ்வளவாக வராது. “அனாக் சாயா சுடா பாச்சா. சாயா தா மாவ் டெங்கார்” என்றார். பிறகு பெரியப்பா பக்கம் திரும்பி, தமிழிலும் சொன்னார். “எம்பொண்ணு படிச்சிக் காட்டுச்சிண்ணே. நாந்தான் கேக்கமாட்டேன்னு இருந்துட்டேன்.”

எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். இதை எழுதட்டுமா என்று அந்த அம்மையார் அப்பாவிடம் கேட்டார். எழுதுங்கள் என்று தலையாட்டினார். ஜானகி பெயரையும் போடச் சொன்னார். முழுப்பெயர் என்ன என்று கேட்டார்கள். அவர் சொன்னார்.

ஆக, நீ கேட்டபடி ஒரு தாளில் எழுதியாகிவிட்டது. இன்று காலை அப்பாவைப் போலீஸ் நிலையத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பெரியப்பாவோடு போனார். போகும்போது அலமாரிச் சாவியை என் முன்னால் மேசைமேல் வைத்தார். இன்னும் திரும்பவில்லை. அம்மா சோற்றை மூடி வைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறார்.

போனை எடுத்துவிட்டேன். உன் மாமா எண் அதில் இருக்கிறது, இப்போதே பேசலாம். ஆனால் இதைப் பேச எனக்கு வராது, எழுதத்தான் வரும்.

தாளில் என் பெயருக்கு நேரே, மகள் தந்தையிடம் முன்பே தெரிவித்தாள் என்று இருக்கிறது. அதைப் படிக்கிறவர்கள் நான் சொன்னதாக நினைப்பார்கள். நீயாவது அப்படி நினைக்காதே. அப்பா பேசாமல் இருந்திருந்தால் நான் ‘இல்லை’ என்று சொல்லியிருப்பேன், உஷா. எங்கள் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, உன் அம்மா செத்துப் பன்னிரண்டாம் நாள், சொல்லியிருப்பேன்.

என்னோடு பேசுவதா வேண்டாமா என்று நீ முடிவு செய்வதற்கு முன்னால் இது உனக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

தாரணி